வலது கையில் இருந்த அட்டை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள், வரவில்லை. பாயான் பாருவிலிருந்து மோட்டாரில் ஜார்ஜ் டவுன் வந்து சேர்வதற்குள் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிட்டது.

புது வேலை ஆரம்பம். நீல பிளாட். ஏ பிளாக் முழுக்க எனக்கு, பி பிளாக் ஐனிக்கு (மலாய்ப் பெண், துடிப்பானவள்). இரண்டு கட்டடமும் விரிசல் விட்டுவிட்டது. என்ன செய்யலாம், குடியிருப்பவர்கள் விருப்பம் எது என்று அரசாங்கத்துக்காக வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டும். மூன்று வழி:

1. தீவிலேயே வேறு இடம்.
2. பாலம் தாண்டி, தீவுக்கு வெளியே, ஜுரு.
3. பழுதுபார்த்து இங்கேயே.

ஒரு வீட்டுக்கு ஆறு சுற்று. சுற்றுக்குச் சுற்று அறை அளவு, லிப்ட், வாடகை, காத்திருக்கும் வருடம் எல்லாம் மாறும். ஊர் மட்டும் மாறாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

முதல் வீட்டிலேயே தகராறு. டேப்லெட்டில் எழுத்து எறும்பு மாதிரி. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கடைசியில் என் மூஞ்சியைப் பார்த்தார். உடனே நசீமாவுக்குப் போன். இந்த வேலைக்கு அவள்தான் பொறுப்பு. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், பெரிய படிப்பு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை ஆபீசில் உட்கார்ந்து நாங்கள் அனுப்புவதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவள்.

"பெரிய எழுத்துல அட்டை அடிச்சுக் குடு நசீமா. கையில காட்டிக் கேட்டுர்றேன்."

"நல்ல ஐடியா லா அக்கா. இன்னிக்கே அடிச்சுத் தரேன்."

சாயங்காலம் லேமினேட் போட்டுக் கையில். என் யோசனை! கொஞ்சம் கர்வம்தான்.

நசீமாவிடம் சொல்லாத விஷயம் ஒன்று. சாந்தா, என் கூடப்பிறந்த அக்கா, ஏ பிளாக், மூன்றாம் மாடி. சொந்தக்காரர் இருக்கும் இடத்தில் வேலை செய்யக்கூடாது என்று விதி. சொன்னால் என்னைத் தூக்கிவிடுவார்கள். தமிழ் பேச வேறு ஆளும் இல்லை. அதோடு, வேலை சாக்கில் அக்காவைத் தினம் பார்க்கலாம். மாமா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சென்டர் இரண்டு தெரு தள்ளி. குடையை ஊன்றிக்கொண்டு நடந்தே போகிறாள், நடந்தே வருகிறாள்.

வாங்கவேண்டியது: ரப்பர் பேண்ட், தண்ணீர் போத்தல், தலைவலித் தைலம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எட்டு வீடு. கால் கெஞ்சுகிறது. லிப்ட் நான்காம் மாடியில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து திறந்து மூடுகிறது. உள்ளே யாரும் இல்லை.

அட்டை முறை பிரமாதம். இப்படி: நான் எதிரே நிற்பேன். ஒன்றாம் எண் இடது கையில், இரண்டாம் எண் வலது கையில், மூன்றாவது அட்டை மேசையில். படித்துக் காட்டுவேன். "இதா, இதா, இல்ல அங்க இருக்கறதா?" டக்கென்று ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். ஆறு சுற்றும் பத்து நிமிடத்தில் முடிகிறது. பி பிளாக்கில் ஐனி ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் டேப்லெட்டோடு மாரடிக்கிறாள்.

நசீ. பயிற்சி நாளில் சொன்னது: "யாருமே எல்லாத்தையும் எடை போட்டுப் பாக்க மாட்டாங்க அக்கா. ஏதாச்சும் ஒன்ன புடிச்சிக்குவாங்க. குறுக்குவழி. நாம அத திருத்தக்கூடாது, எழுதிக்கணும், அவ்ளோதான்."

இன்று கண்ட குறுக்குவழிகள் (எனக்காக):

ஐந்தாம் மாடி வேலு அண்ணன், ஜாகா (காவல்) வேலை பார்ப்பவர். லிப்ட் மட்டும். "மத்ததெல்லாம் விடு தங்கச்சி. லிப்ட் இருக்கா இல்லையா?"

எதிர்வீட்டு பரிதா அக்கா. "அண்ணே எத எடுத்தாரு?" சொல்லக்கூடாது என்றேன். கோபம்.

இரண்டாம் மாடிச் சீனப் பெரியவர், நாலு என்ற எண் இருந்தால் தொடுவதே இல்லை.

படத்தில் மரம் இருந்ததால் எடுத்த ஒருத்தி.

"நீயே எடும்மா, படிச்ச புள்ள." இப்படி மூன்று பேர்.

சீனிப் பாக்கெட்டை (கடைசியில் கொடுக்கும் பரிசு) பார்த்துக்கொண்டே பதில் சொன்னவர் ஒருவர்.

சிரிப்பாக இருந்தது. அப்புறம் யோசித்தால் நான் மட்டும் என்ன? இவர் பெண் பார்க்க வந்தபோது வாசலில் செருப்பை ஜோடியாக, நேராக விட்டார். ஒழுங்கான மனிதர் என்று தலையாட்டிவிட்டேன். இன்றுவரை அந்தச் செருப்பு ஒன்றுதான் ஒழுங்கு.

ஒரு விஷயம். எதைச் சொல்லி ஆரம்பித்தாலும் மூன்றாம் சுற்றுக்கு மேல் எல்லோரும் ஜுரு அட்டையைத்தான் எடுக்கிறார்கள். லிப்ட் இல்லாத ஜுருவைக்கூட வேலு அண்ணன் எடுத்தார். தீவு அலுத்துவிட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

மேகமூட்டம். காற்றே இல்லை.

பட்டியலில் அக்கா வீட்டு எண். தாண்டிப் போயிருக்கவேண்டும். தாண்டவில்லை.

அக்கா கோப்பி கலக்கி வைத்திருந்தாள். தான் குடிக்க முடியாது, அளவுத் தண்ணீர்தான், ஆனால் வருகிறவர்களுக்குக் கலக்காமல் இருக்கமாட்டாள். "கேளு கேளு, எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரியே கேளு" என்று நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். பரீட்சை எழுதுகிற மாதிரி முகம்.

ஆறு சுற்று. ஆறிலும் ஜுரு.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இரண்டு தெரு நடந்தாலே மூச்சு வாங்குகிற உடம்பு. ஜுருவிலிருந்து வாரம் மூன்று நாள் பாலம் தாண்டி வருவாளா? அந்தப் பக்கம் சென்டரில் இடம் கிடைக்காமல் எத்தனையோ பேர் வரிசையில் நிற்பதாக இவளேதான் சொன்னாள். கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. காரணம் கேட்கக்கூடாது, அதுவும் விதி. மற்ற விதியை மீறியவளுக்கு இந்த விதி மட்டும் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. தீவை விட்டே போகவேண்டும் என்றால், என்னை விட்டும் போகவேண்டும் என்றுதானே? போன மாதம் மருந்து விஷயத்தில் கத்தினேன். அதை மனதில் வைத்திருக்கிறாளா? அழுகை வந்தது. அழுதேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆபீஸ். நசீ. வாயெல்லாம் பல்.

"அக்கா, உங்க டேட்டாதான் ரொம்ப சுத்தம். ஏ பிளாக் என்ன நெனைக்குதுன்னு கண்ணாடி மாதிரி தெரியுது. பி பிளாக் பாருங்க, ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. பெரியவர் கேட்டாரு, யாரு இந்த கலான்னு."

பெரியவர் என்றால் அவளுடைய முதலாளி. நான் பார்த்ததில்லை. கீழே கடையில் நாசி கண்டார் சோறு வாங்கிக்கொடுத்தாள். கோழி, வெண்டைக்காய், குழம்பு மேலே மேலே ஊற்றி. மறுக்காமல் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பிளாட் வழியாக வந்தேன். ஏ பிளாக் கதவுகளில் யாரோ சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிக்கொண்டு போகிறார்கள். வீட்டு எண் இல்லை, வேறு ஏதோ வரிசை. எழுதியவனைக் கேட்டேன். "தெரியாது அக்கா, எழுதச் சொன்னாங்க" என்று மலாயில் சொன்னான். பி பிளாக்கில் எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் ஆடிக் கூழ். பானையைப் பிடி துணி இல்லாமல் தூக்கிவிட்டேன், அவசரக்குடுக்கை. வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கிளினிக். கட்டு. மோட்டார் ஓட்டக்கூடாது, ஒரு வாரம் பஸ். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய எழுத்து.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒருவழியாக மழை. பிளாட் படிக்கட்டில் தண்ணீர் இறங்குகிறது.

கையில் கட்டு, அட்டையைப் பிடிக்க முடியவில்லை. மூன்றையும் மேசைமேல் பரப்பி வைத்துக் கேட்டேன். நேற்றும் அப்படித்தான்.

ஜனங்களுக்கு என்ன வந்தது? நேற்றிலிருந்து ஒரே இழுபறி. குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். "இரு இரு, இதுல எத்தன ரூம்?" என்கிறார்கள். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையே போட்டுவிட்டார்கள். ஜுரு அட்டை அபூர்வமாகத்தான் போகிறது. பாதிக்கு மேல் மூன்றாவது அட்டை. இங்கேயே.

எரிச்சல். கடைசி இரண்டு நாள், ஒழுங்காக முடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

நசீ. போன், காலை ஒன்பது மணி.

"அக்கா, திங்கட்கிழமையிலேர்ந்து உங்க டேட்டா ஏன் மாறிப்போச்சு? என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல லா. கை வெந்துபோச்சு, மேசையில வெச்சுக் கேட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

போனை வைத்தபிறகு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

இவர் ஷிப்டு முடிந்து வந்து படுக்கப் போனார். நிறுத்தினேன். இரண்டு சட்டை, ஹேங்கரோடு, ஒன்று இடது கையில், ஒன்று கட்டுப் போட்ட வலது கை விரல் நுனியில். "இதுல எது வேணும்?" வலது கைச் சட்டையை வாங்கினார். மாற்றிப் பிடித்தேன். வலது கை. மறுபடி மாற்றினேன். வலது கை. நான்காம் தடவை இடது கையை மட்டும் நீட்டினேன்.

"என்னடி இது, பீச்சாங்கையில குடுக்கற? விடு, தூங்கணும்."

உட்கார்ந்துவிட்டேன். ஏ பிளாக்கில் தமிழர், மலாய்க்காரர், யார் வீடாக இருந்தாலும் சரி, இடது கையிலிருந்து யார் எதை வாங்குவார்கள்? பிள்ளையாகப் பேசத் தொடங்கும்போதே கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த மரியாதை. மேசையில் கிடந்த மூன்றாவது அட்டை? அதை நான் யாருக்கும் கொடுக்கவே இல்லை.

டேப்லெட்டில் மூன்று வழியும் தானாக வரிசை மாறி மாறி வரும். என் கை மாறாது, வலது கையில் எப்போதும் ஜுரு.

ஆகஸ்ட் 14, வியாழன்

சென்டர் வாசலில் காத்திருந்தேன். அக்கா வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கையில் பிளாஸ்டர். "ஏன் வந்த? வேல இல்ல?"

பிளாட் வரை நடந்தோம். நான்கு இடத்தில் நின்றோம். மூன்றாவது இடத்தில் கேட்டேன்.

"அக்கா, ஜுருவுக்கு போக உனக்கு ஆசையா?"

"ஜுருவா? நான் ஏன் லா அங்க போறேன்? அங்க யாரு இருக்கா எனக்கு?"

"அன்னிக்கு ஆறு தடவையும் அதத்தானே எடுத்த."

அக்கா என்னைப் பார்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிதானமாக.

"நீதானே குடுத்த. எனக்கு எழுத்து எங்க தெரியுது, சக்கரையில கண்ணு ஒரே பொக. நல்லது எதுவோ அதத்தான் என் தங்கச்சி சோத்துக்கையில வெச்சிருப்பான்னு வாங்குனேன். நல்லத யாராச்சும் பீச்சாங்கையில குடுப்பாங்களா?"

குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்னை விட்டுப் போகத்தான் எடுத்தாள் என்று நினைத்து அழுதேனே, பாவி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆபீசுக்குப் பஸ்ஸில் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா விஷயம் தவிர. நசீ. முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. பேனாவை ஒவ்வொரு கையிலும் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்கும் தோணல அக்கா. நானும்தானே அடிச்சுக் குடுத்தேன்."

"இப்ப என்ன செய்யறது?"

"ரிப்போர்ட் நேத்து போயிருச்சு."

"கடைசி ரெண்டு நாளு?"

"அத சேக்கல. பெரியவர் சொன்னாரு, நெறைய நாள் ஒரே மாதிரி இருக்கு, ரெண்டு நாள் மட்டும் வேற மாதிரி இருக்கு, அப்ப அந்த ரெண்டு நாள்தான் கோளாறுன்னு."

ஒரு குறிப்பு எழுதிச் சேர்க்கிறேன் என்றாள். எங்கே? கடைசிப் பக்கத்தில். மேலிடத்தில் கடைசிப் பக்கம் படிப்பார்களா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, முதல் பக்கத்தில் இருக்கிற படத்தைப் பார்ப்பார்கள் என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யாரும் சொல்லாமல் நானே போனேன். ஒன்பது வீடு. மேசையில் மூன்று அட்டை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஏழு வீட்டில் மூன்றாவது அட்டை.

வேலு அண்ணன்: "அன்னிக்கு நீ கைய நீட்டிக்கிட்டே நிக்கற. வயசுல சின்னப் புள்ள, கை வலிக்குமேன்னு வாங்கிட்டேன். அதுல என்னா தங்கச்சி இருக்கு?"

"அண்ணே, அத வெச்சுதான் உங்கள மாத்தப் போறாங்க."

"அட்டைய வெச்சா? சும்மா லா." சிரித்தார். கதவில் சிவப்பு எண், ஐந்து மாடிக்கும் எழுதி முடித்துவிட்டார்கள்.

பரிதா அக்கா மட்டும் கதவைத் திறக்கவில்லை. "ஒரு தடவ சொன்னா சொன்னதுதான். பேச்சு மாத்தறவளா நான்?" என்று உள்ளேயிருந்து குரல்.

திறந்த ஒன்பது வீட்டுப் பதிலும் கையெழுத்தோடு இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உறையை நசீ. வாங்கவே இல்லை.

"அக்கா, சாந்தாங்கறது உங்க சொந்த அக்காவா? அப்பா பேரு ஒரே பேரா இருக்கு."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"மொதல்லயே ஏன் லா சொல்லல? பெரியவர் இப்ப என்ன சொல்றாரு தெரியுமா? அக்காவ காப்பாத்ததான் இவங்க பேச்ச மாத்தறாங்க, வீடு வீடா போயி ஆள் புடிக்கறாங்கன்னு. நான் என்ன சொல்லியும் கேக்கல." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "அந்தக் குறிப்பையும் எடுத்துட்டாரு."

அப்படியென்றால் என் பழைய பதில்களையும் தூக்கிப் போடுங்கள், நான்தானே வாங்கினேன் என்றேன். அக்கா வீட்டுப் பதிலை மட்டும் எடுத்துவிட்டார்களாம். மற்றதெல்லாம் சுத்தமான டேட்டாவாம்.

தன் வினை தன்னைச் சுடும். கைக்கட்டைப் பிரித்தாகிவிட்டது, தோல் இளஞ்சிவப்பாக, கோடு ஒன்றும் இல்லாமல் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

சீனர்களின் பேய் மாதம் ஆரம்பித்துவிட்டது. பிளாட் முன்னால் ரோட்டோரம் ஊதுபத்தி, ஆரஞ்சுப் பழம், எரித்த காகிதச் சாம்பல். மழைத் தண்ணீரில் சாம்பல் கரைந்து ஏ பிளாக் வாசல் வரை வந்திருந்தது. தேசிய தினக் கொடி எல்லா மாடியிலும் நனைந்து தொங்குகிறது.

அறிவிப்புப் பலகையில் காகிதம். மலாயில், தமிழில், சீனத்தில். பி பிளாக்: கருத்துகள் பலவிதமாக இருப்பதால் மேலும் ஆய்வு, அதுவரை பழுதுபார்ப்பு. ஏ பிளாக்: குடியிருப்பாளர்களின் தெளிவான விருப்பப்படி ஜுரு. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கடிதம்.

ஐனி என் பக்கத்தில் நின்று படித்தாள். அரை மணி நேரம் மாரடித்தாளே, அந்தப் பெண். அவள் பிளாக் தப்பித்தது.

ஆபீஸ், அடுக்குமாடிக் கமிட்டி, சட்டமன்ற அலுவலகம், மூன்று இடத்திலும் நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். கடைசி இடத்தில் ஒரு பெண் பரிவாகக் கேட்டுவிட்டு, "ஆனா அக்கா, அவங்களேதானே கேட்டிருக்காங்க?" என்றாள்.

அக்காவிடம் சொன்னேன்: வெள்ளிக்கிழமை கடிதத்தை வாங்காதே. வாங்கிக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். வாங்காமல் இருந்தால் அப்பீல் செய்யலாம், விசாரித்துவிட்டேன். சரி என்றாள். மூன்று தடவை சொல்லவைத்தேன்.

அக்கா போகும் சென்டர் நர்ஸ், ஜுரு பக்கம் விசாரித்தது: காலி இல்லை. பேரை எழுதிவைக்கலாமாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மதியம் மூன்று மணி. மண்டபம். மின்விசிறி எல்லாம் ஓடியும் புழுக்கம். வேலு அண்ணன் சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தார். மேடையில் பேனர்: நீங்கள் தேர்ந்தெடுத்த புது வீடு. கீழே ஒரு படம், படத்தில் மரம்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கடிதம் கொடுத்த பையன் நல்ல பிள்ளை, அதுதான் கொடுமை. வயசானவர்களிடம் அவனே இறங்கி வந்தான். குனிந்து, வலது கையால் நீட்டி, இடது கையை வலது மணிக்கட்டில் வைத்துக்கொண்டு. அவ்வளவு மரியாதை. ஒருவர்கூட வாங்காமல் இருக்கவில்லை.

அக்கா பெயர். எழுந்திருக்கவேண்டாம் என்று சைகை காட்டி, நாற்காலிக்கே வந்தான்.

"வாங்காதக்கா" என்றேன்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நீட்டியபடியே நின்றான். சிரித்தபடியே. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ இருமினார்கள். அவன் கையை இறக்கவில்லை.

"நீட்டுன கைய எப்படி லா சும்மா விடறது" என்று என் பக்கம் முணுமுணுத்துவிட்டு அக்கா வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும். "தெரிமா காசி, தம்பி" என்று நன்றி வேறு. கையெழுத்து, அவன் விரல் காட்டிய இடத்தில்.

சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமாம். "அக்கா, நீங்க இவங்க தங்கச்சிதானே?" என்று பேனாவை என் பக்கம் நீட்டினான்.

கூடாது, கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேனா என் கையில் இருந்தது.